அப்பாவின் ஜெபத்தில் கடைசியாக வரும் காடி

எங்கள் வீட்டில் மாலை ஜெபம் ஏழரை மணிக்குத் தொடங்கும். எப்போது முடியும் என்பது அப்பாவுக்கு மட்டுமே தெரியும். முதலில் ஒரு பாட்டு, அடுத்து வேத வாசிப்பு, அதன்பின் அப்பாவின் ஜெபம். முதல் இரண்டும் பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். மூன்றாவதற்கு எல்லை கிடையாது. துதியில் தொடங்கி, வீட்டார், சபையார், போதகர் என்று அது நகரும். பிறகு துறைமுக வாசலில் அப்பாவோடு வேலை பார்ப்பவர்கள் வருவார்கள்; முதுகுவலியோடு ஜொகூர் வரை லோரி ஓட்டும் நண்பர் வருவார்; பக்கத்து வீட்டு அக்காவின் மகன் தன் தேர்வோடு வருவான். எல்லாரும் வந்து போனபின், ஒருநாளும் தவறாமல், எங்கள் பழைய கார், எங்கள் பேச்சில் காடி, வரும். அதுவரை ஆலயத் தமிழில் ஓங்கி நின்ற ஜெபம் அந்த இடத்தில் மட்டும் வீட்டுத் தமிழுக்கு இறங்கும்.

"எங்க காடியையும் பாத்துக்குங்க ஆண்டவரே. காலையில ஒரே சாவியில ஸ்டார்ட் ஆகணும்."

அதன் பிறகுதான் ஆமென்.

நான் சொற்போர் மேடையில் வளர்ந்தவள். தமிழ்ப்பள்ளியின் பேச்சுப் போட்டியில் தொடங்கி, பல்கலைக்கழக அணியின் முதல் பேச்சாளர் என்ற இடம்வரை வந்தவள். தொடக்கவுரைக்கு எத்தனை நொடி, மறுப்புரைக்கு எத்தனை நொடி, மணி அடிக்குமுன் குரலை எங்கே உயர்த்தி எங்கே தாழ்த்துவது என்பதெல்லாம் எனக்கு மூச்சு விடுவது போலப் பழகியிருந்தது. ஆகவே, கண்களை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தபோதும் என் காது நடுவரின் காதாகவே இருந்தது. கூறியது கூறல், நேர மீறல், பலவீனமான முடிவு என்று அப்பாவின் ஜெபத்துக்கு நான் மனத்திற்குள் எழுதிய குறிப்புகள் பல. ஒருநாள் அவரிடமே சொல்லிவிட்டேன்.

"அப்பா, முடிவுரைதான் கேக்கிறவங்க மனசுல நிக்கும். நீங்க எல்லாத்தையும் நல்லா பேசிட்டு, போயும் போயும் காடியில முடிக்கிறீங்க."

"கேக்கிறவருக்கு அதெல்லாம் பரவால்லமா," என்றார் அப்பா.

அண்ணன் விடவில்லை. "ஆண்டவருக்கு மார்க் போடுற பழக்கம் இல்ல லா. இந்த வீட்டுல அந்த வியாதி உனக்கு மட்டும்தான்."

அந்தக் காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது என்னைவிட வயதில் மூத்தது. அப்பா பிறந்து வளர்ந்தது பிரிக்ஃபீல்ட்ஸில். துறைமுக வேலைக்காகக் கிள்ளானுக்குக் குடிவந்தாலும் சபையை மட்டும் அவர் மாற்றவில்லை. ஞாயிறுதோறும் நாங்கள் நால்வரும் அந்தக் காரில்தான் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆலயத்துக்குப் போய்வந்தோம். குளிர்சாதனம் தன் விருப்பப்படி இயங்கும். பின்கதவு ஒன்று உள்ளிருந்து திறக்காது. மழைக்காலத்தில் சாவியைத் திருப்பினால், இருமுவதோடு சரி. மேடையில் கோப்பை வாங்கிய நாட்களில் அதிலிருந்து இறங்க நான் கூச்சப்பட்டிருக்கிறேன்; அப்பாவிடம் சொல்லி, பல்கலைக்கழக வளாகத்தின் வாசலுக்குச் சற்று முன்பே நிறுத்தச் செய்திருக்கிறேன்.

எங்கள் சபையில் புத்தாண்டுக் காலை ஆராதனையில் ஒரு வழக்கம் உண்டு. பீடத்தின் அருகே ஒரு தாம்பாளத்தில் மடித்த சிறு அட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம் அச்சிட்டிருக்கும். வரிசையில் போய் ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அந்த ஆண்டுக்கு ஆண்டவர் அவரவருக்குத் தந்த வாக்குத்தத்தம் அதுவே. வர இயலாதவருக்காக வீட்டார் எடுக்கலாம். அந்த ஆண்டு அப்பாவுக்கு வேலை இருந்தது. துறைமுகத்துக்குப் புத்தாண்டு என்று ஒன்று கிடையாது. அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட, நாங்கள் மூவரும் கொம்யூட்டர் ரயிலில் ஆலயத்துக்குப் போனோம்.

வரிசையில் நிற்கும்போது அம்மா என் காதில் சொன்னார்: "அப்பாவுக்கு மொதல்ல எடு. அப்புறம் உனக்கு."

அப்படியே செய்தேன். முதல் அட்டையை அப்பாவை நினைத்து எடுத்தேன். இரண்டாவதை எனக்கென்று எடுத்தேன். இருக்கைக்குத் திரும்பி இரண்டையும் பிரித்துப் பார்த்தேன். அப்பாவின் அட்டையில், தக்க நேரத்தில் தக்க சொல்லைப் பேசும் நாவைக் கர்த்தர் அருளுவார் என்னும் பொருளுடைய வசனம் இருந்தது. என் அட்டையிலோ, முதிர்வயது வரையிலும் தலை நரைக்கும் வரையிலும் அவர் தாங்குவார் என்று இருந்தது.

இருபத்திரண்டு வயதில் நரையைப் பற்றிய வாக்குறுதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இரண்டே மாதத்தில் சொற்போரின் இறுதிச் சுற்று வரவிருந்தது. கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில், அம்மா சாய்ந்து உறங்கிக்கொண்டிருக்க, நான் எனக்குள் ஒரு வழக்கை நடத்தினேன். நரை அப்பாவுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. ஆகவே அது அவருக்கே பொருந்தும். அப்பாவின் வேலை லோரிகளுக்கு நுழைவுச் சீட்டு எழுதுவது. அதற்குத் தேர்ந்த நாவு எதற்கு? மேலும், இரண்டு அட்டைகளையும் எடுத்தது ஒரே கை. எதிரணியே இல்லாத அவையில் வெற்றி பெறுவது கடினமா? சுபாங் ஜெயாவைத் தாண்டுவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. நாவை என் பைக்குள் வைத்தேன். நரையை அப்பாவுக்காகக் கையில் பிடித்துக்கொண்டேன்.

அன்று மாலை அப்பா தம் அட்டையைப் படித்துவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டார். "நரைக்கிற வரைக்கும் தாங்குவாராம். அதான் நரைச்சிருச்சே. இனிமே எல்லாம் போனஸ்." மறுநாள் அந்த அட்டையைக் காரின் வெயில் தடுப்பில் செருகிவைத்தார். இறுதிச் சுற்றில் எங்கள் அணி வென்றது. சிறந்த பேச்சாளர் என்ற விருதும் எனக்குக் கிடைத்தது. அட்டை என் கோப்புக்குள் இருந்தது. ஆண்டவர் உண்மையுள்ளவர் என்று அன்று சாட்சி சொல்லவும் நான் தயங்கவில்லை.

பத்து நாட்கள் சென்றன. ஒரு சனிக்கிழமைக் காலை. அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். தொட்டுக்கொள்ளச் சம்பல் வேண்டும் என்று சொல்லவந்த அப்பாவின் வாயிலிருந்து வேறெதோ வந்தது. சொல் என்று அதைச் சொல்ல முடியாது. மீண்டும் முயன்றார். தம் வாயே தமக்கு அந்நியமானதுபோல எங்களைப் பார்த்தார். வலக்கையிலிருந்த கோப்பை மேசையில் சாய்ந்து, தேநீர் தரையெல்லாம் ஓடியது.

அண்ணன் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. அப்பாவைத் தாங்கிக் காரின் பின்இருக்கையில் அமர்த்தினோம். அண்ணன் சாவியைத் திருப்பினான். கார் கிளம்பியது. அரசு மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் அம்மா ஒரே ஒரு சொல்லை, ஆண்டவரின் பெயரை, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நானோ, ஆயிரம் பேர் முன்னிலையில் நடுங்காத நான், வாய் திறக்கவில்லை. என் கண் முன்இருக்கையின் மேலே செருகியிருந்த அட்டையிலேயே நிலைத்திருந்தது.

பக்கவாதம். கை நாளடைவில் தேறும் என்றார் மருத்துவர். கேட்பது புரியும், நினைவு இருக்கிறது, ஆனால் நினைப்பதைச் சொல்லாக்கும் வழி அடைபட்டிருக்கிறது. அது திறக்கலாம், எப்போது, எவ்வளவு என்று உறுதி கூற இயலாது. துறைமுக வாசலில் தமிழ், மலாய், ஆங்கிலம், அரைகுறை ஹொக்கியன் என நான்கு மொழிகளில் லோரிக்காரர்களோடு சிரித்துப் பேசியவர் எங்கள் அப்பா. ஒரே காலையில் நான்கும் போயின.

வீட்டுக்கு வந்தபின் கை மெல்லத் தேறியது. பேச்சு வரவில்லை. வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சி. பயிற்சியாளரான இளம் மலாய்ப் பெண் படங்கள் அச்சிட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவார்: குவளை, கடிகாரம், வாழைப்பழம். அப்பா உதடுகளைக் குவிப்பார், விரிப்பார், நெற்றி வியர்க்கும், ஒலி வராது. அந்த அட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் என் கோப்பு நினைவுக்கு வந்தது. அவருக்கென்று வந்த அட்டை ஒன்று என் கோப்புக்குள் கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

வீட்டில் பயிற்சி தரும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுக்கச் சொன்னேன். கண்ணாடி முன் நிற்கச் சொன்னேன். மூன்றாம் நாள் அம்மா படங்களை என் கையிலிருந்து வாங்கிவைத்தார்.

"போதும்மா. அவரு எந்தப் போட்டிக்கும் போகல."

மாலை ஜெபமும் என்னிடம் வந்தது. அண்ணனுக்கு நான்கு வரிக்கு மேல் வராது. அம்மாவோ ஜெபிக்கத் தொடங்கியதும் அழுதுவிடுவார். நான் என் திறமையெல்லாம் கூட்டி ஜெபித்தேன். அடுக்கடுக்காக வாக்கியங்கள் வந்தன. வானத்தையும் கடலையும் சாட்சிக்கு அழைத்தேன். குரல் ஏற வேண்டிய இடத்தில் ஏறியது. ஆமென் சொல்லிக் கண்திறந்தபோது அண்ணன் மெதுவாகக் கைதட்டினான்.

"அவைத்தலைவர் அவர்களேன்னு ஆரம்பிச்சிருக்கலாம்."

"சும்மா இருடா," என்றார் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லாத்தான் இருந்துச்சும்மா. ஆனா யாருக்கு பேசினன்னு எனக்குத் தெரியல," என்றார்.

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் குறை இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அந்த வாரமே அட்டை விஷயத்தை அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன், சிரித்தான். ஆனால் உடனே நிறுத்திக்கொண்டான்.

"அப்ப ஆண்டவரு அனுப்புன லெட்டர அட்ரஸ் மாத்திப் போட்டுட்ட. நீ அவ்ளோ பெரிய போஸ்ட்மேன்."

"விளையாடாதண்ணே. என்னாலதான் அப்பாவுக்கு..."

"இதுலயும் முதல் பேச்சாளர் நீதான், இல்ல? அட்டைய மாத்தினா ரத்தக்குழாய் அடைச்சிக்குமா? டாக்டர் என்னா சொன்னாரு, அப்பா பிரஷர் மாத்திரைய விட்டுட்டாருன்னு." பிறகு சொன்னான்: "ஆனா நீ எடுத்தது தப்பு. அத அப்பாகிட்டதான் சொல்லணும். எங்கிட்ட இல்ல."

அவன் சொன்ன இரண்டுமே சரி என்று எனக்குத் தெரிந்தது. ஆயினும் பேச இயலாதவரிடம் போய், உங்கள் நாவை எடுத்துக்கொண்டது நான் என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளிவைத்தேன்.

ஐந்தாம் வாரத்தின் இறுதியில் ஒரு மாலை, ஜெபத்துக்குமுன் அம்மா சொன்னார்: "இன்னிக்கு உன் ஜெபம் வேணாம். அப்பா எப்பிடிப் பண்ணுவாரோ அப்பிடியே பண்ணு."

அப்பாவின் வரிசை எனக்கு மனப்பாடம். குறை காண்பதற்காகவே கேட்டுக் கேட்டு ஏறியது அது. துதி, வீட்டார், சபையார், போதகர். பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தபோது, அடுக்குமொழிக்கு அங்கே இடமில்லை என்று கண்டேன். லோரிக்கார நண்பரின் முதுகுவலி அடுக்குமொழியைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் தேர்வு எப்போதோ முடிந்திருந்தது. அவனுக்கு இப்போது என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அப்பாவாக இருந்தால் வேலியருகே நின்று கேட்டிருப்பார். என் குரல் தாழ்ந்தது, வாக்கியங்கள் குறுகின. கடைசி இடத்துக்கு வந்தேன். அங்கே என் பழைய பெருமிதம் தலை தூக்கியது. அப்பாவின் பேச்சுக்காகக் கண்ணீரோடு வேண்டிய அதே மூச்சில், ஓர் ஓட்டைக் காருக்காக வேண்டுவதா? அதை மட்டும் விட்டுவிட்டு ஆமென் என்றேன்.

அம்மாவும் அண்ணனும் ஆமென் சொன்னார்கள். அப்பா கண்களைத் திறந்திருந்தார், முகம் சுருங்கியிருந்தது. இடக்கையால் மேசையைத் தட்டினார். ஒருமுறை, மறுமுறை. உதடுகள் எதையோ தேடின.

"கா," என்றார்.

அம்மா அவர் பக்கம் குனிந்தார்.

"கா... காடி."

அம்மாவின் கை வாயை மூடிக்கொண்டது. அப்பா என்னைச் சுட்டிக்காட்டி, இம்முறை தெளிவாக, ஏறக்குறைய அதட்டலாகவே சொன்னார்: "காடி."

முதலில் குரல் வந்தது அண்ணனுக்குத்தான். "அஞ்சு வாரமா பேசாம இருந்துட்டு, மொத வார்த்தை காடியாப்பா? அம்மா பேரு இல்ல, எங்க பேரு இல்ல." சொல்லும்போதே அவன் கண்கள் வழிந்துகொண்டிருந்தன.

"அதுக்கென்னடா இப்ப," என்றார் அம்மா. அழுகையும் சிரிப்பும் அவர் முகத்தில் ஒன்றையொன்று தள்ளின. "அன்னிக்குக் காலையில அந்தக் காடி ஒரே சாவியில ஸ்டார்ட் ஆச்சே, மறந்துட்டியா? சீக்கிரம் கொண்டாந்ததுனாலதான் இந்த அளவோட போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. முந்தின நாள் பூரா மழை. எத்தன வருஷமா இவரு அதைக் கேட்டிருப்பாரு."

மறந்துதான் இருந்தேன். இல்லை, நான் அதைக் கவனிக்கவே இல்லை. அந்தச் சனிக்கிழமைக் காலை அண்ணன் சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியதும் என் நினைவில் இருந்தன; அது ஒரு ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்பது மட்டும் இல்லை. பலவீனமான முடிவு என்று நான் பல ஆண்டுகள் குறித்துவைத்த அந்த ஒரு வரி, எங்களுக்குத் தேவைப்பட்ட காலையில் எங்களைச் சுமந்து சென்றிருந்தது. நானும் அதற்குள்தான் அமர்ந்திருந்தேன்.

"திரும்பப் பண்ணு," என்றார் அம்மா. "காடியச் சேத்து."

கண்களை மூடினேன். எங்க காடியையும் பாத்துக்குங்க ஆண்டவரே என்று, அப்பாவின் சொற்களிலேயே, அப்பாவின் வீட்டுத் தமிழிலேயே வேண்டினேன். என் வாழ்நாளில் அதைவிட மனமுவந்து நான் எதையும் பேசியதில்லை.

மறுநாள் காலை கார் கிளம்பவில்லை.

பேச்சுப் பயிற்சிக்குப் புறப்பட்டு அப்பா முன்இருக்கையிலும் நான் பின்னாலும் அமர்ந்திருந்தோம். அண்ணன் நான்கு முறை சாவியைத் திருப்பினான், கார் இருமியது. அப்பா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீ... சரியா... கேக்கல."

அண்ணன் ஸ்டீயரிங்கில் தலைவைத்துச் சிரித்தான். பிறகு பக்கத்து வீட்டு அங்கிளிடம் பேட்டரி கேபிள் வாங்கிவரப் போனான். அம்மா இன்னும் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். காருக்குள் நானும் அப்பாவும் மட்டும். இனித் தள்ளிப்போட வழியில்லை. என் கோப்பிலிருந்து அட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"அப்பா, இது உங்களோடது. புத்தாண்டுல உங்களுக்கு மொதல்ல எடுத்தேன். நாவுன்னு இருந்துச்சு, நான் வச்சிக்கிட்டேன். அங்க மேல இருக்கிறது என்னோடது. மன்னிச்சிருங்கப்பா."

இவ்வளவுதான் சொன்னேன். தொடக்கவுரை இல்லை, வாதங்கள் இல்லை.

அப்பா அட்டையைப் படித்தார். வெயில் தடுப்பிலிருந்த மற்றதை இடக்கையால் எடுத்துப் படித்தார். பிறகு அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்து முன்னே குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். தம் தலையைத் தொட்டுக் காட்டினார். பின்பு கையை நீட்டி என் தலையைத் தொட்டார்.

"நரை," என்றார். அடுத்த சொல்லுக்காகச் சற்றுத் தேடினார். "உனக்கும்... வரும்."

நானும் சிரித்தேன், கண்ணீரும் வந்தது. வாரக்கணக்காக நெஞ்சில் ஏறி அமர்ந்திருந்த பாரம் அப்போது இறங்கியது. அப்பாவின் நாவை நான் எடுத்துக்கொண்டேன் என்று மட்டுமே வருந்தியிருந்தேன். எனக்கு நரை வரும் வரைக்கும் தாங்குவதாக வந்த வாக்கை நானே வேண்டாம் என்று கைமாற்றிவிட்டேன் என்பது அதுவரை என் அறிவுக்கு எட்டவில்லை. அப்பா இரண்டு அட்டைகளையும் ஒன்றாகச் சேர்த்து வெயில் தடுப்பிலேயே செருகினார்.

பக்கத்து வீட்டு அங்கிள் கைலியோடு கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவர் வண்டியின் பேட்டரியோடு இணைத்ததும் எங்கள் கார் உறுமிக் கிளம்பியது; அப்பா சன்னலை இறக்கினார்.

"தம்பி... தேங்ஸ்."

அங்கிள் கேபிளைச் சுருட்டுவதை நிறுத்தினார். "பேசுறீங்களாண்ணே? எப்ப இருந்து?" என்றவர், வீட்டுப் பக்கம் திரும்பித் தம் மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வா. அண்ணன் பேசுறாரு. நீ கோயில்ல வேண்டிக்கிட்டேல்ல, வந்து கேளு." அந்த அக்கா வந்து, நின்று, அழுதார். அப்பா அவரைப் பார்த்து, தேடித் தேடி, "பையன்... எப்படி?" என்று கேட்டார். அப்பாவின் வரிசை அவருக்குள் கலையாமல் இருந்தது.

பேச்சு முழுவதும் திரும்பவில்லை, பெரும்பகுதி திரும்பிவிட்டது. துறைமுகத்தில் அவருக்கு உட்கார்ந்து செய்யும் வேறு வேலை தந்தார்கள். மலாயும் தமிழும் வந்துவிட்டன, ஆங்கிலம் வருகிறது, ஹொக்கியன் வந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை என்கிறான் அண்ணன். சில சொற்கள் இடம் மாறி வருகின்றன. ஒரு மாலை போதகரை லோரி என்று சொல்லி ஜெபித்தார். நாங்கள் யாரும் திருத்தவில்லை.

ஜெபம் மீண்டும் அப்பாவிடமே போய்விட்டது. ஒவ்வொரு பெயரையும் தேடி எடுக்க வேண்டியிருப்பதால் முன்பைவிட இருமடங்கு நீள்கிறது. அண்ணன் சிலநேரம் ஒரு கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்க்கிறான். நான் பார்ப்பதில்லை. லோரிக்கார நண்பர் வந்துபோனபின், பக்கத்து வீட்டுப் பையன் வந்துபோனபின், ஒரு நீண்ட இடைவெளி விழும். அப்பா அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருப்பார். அந்தச் சொல் எங்கள் மூவருக்கும் தெரியும். சொல்லிக்கொடுக்க யாரும் வாய் திறப்பதில்லை. காத்திருக்கிறோம். அது வருகிறது. பிறகே ஆமென் சொல்கிறோம்.